ஆர்வியில் ஊர் ஊராக நண்பர்கள் வீட்டுக்கு: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

மிஷிகன்_வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் டெட்ராய்ட் பக்கம் நோவையில் இருக்கிறோம். கார் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. இருவருக்கும் 65 தாண்டிவிட்டது. உடம்பு இப்போதைக்கு நன்றாக ஒத்துழைக்கிறது, அதனால்தான் இப்போதே கிளம்பிவிட நினைக்கிறோம்.

கிண்டி ஹாஸ்டலில் என்னோடு இருந்தவர்களும், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களும் சிகாகோ, ஃப்ரீமாண்ட், ஃபீனிக்ஸ், டாலஸ், ஹூஸ்டன், நாஷ்வில் என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஃபோனில் பேசுவதோடு சரி. யார் வீட்டுக் கல்யாணத்திலாவது பார்த்தால் பத்து நிமிடம் பேச முடியும், அதற்குள் யாராவது சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள். செப்டம்பரில் புறப்பட்டு, ஒவ்வொரு ஊரிலும் நிதானமாக இருந்து, டிசம்பருக்குள் வீடு திரும்பலாம் என்று ஆசை.

விமானத்தில் போய் அவரவர் வீட்டில் தங்கலாமே என்று மகன் கேட்கிறான். மனைவிக்கு அடுத்தவர் வீட்டில் நாலைந்து நாள் தங்குவது என்றால் கூச்சம். ராத்திரி எழுந்தால் விளக்குப் போடக்கூட யோசிப்பாள். அதனால்தான் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற ஆர்வி வண்டி.

எவ்வளவு பெரிய வண்டி எடுப்பது? நண்பர் வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தித் தூங்கலாமா? மலைச் சாலைகளில் எங்கள் வயதுக்கு ஓட்ட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாலையோரம் எழுதியது:

வணக்கம் சார். நாங்கள் ஹூஸ்டன் பக்கம். எங்களுடையது 25 அடி கிளாஸ் சி வண்டி, அதாவது ஃபோர்டு ஈ-450 வேன் அடித்தளத்தின் மேல் கட்டிய நடுத்தர ஆர்வி. பாதி தூரம் நான் ஓட்டுவேன், பாதி இவர். எங்கள் பயணங்களும் நீங்கள் சொல்கிற மாதிரிதான், ஊர் பார்ப்பதைவிட ஆள் பார்க்கப் போவது. உங்கள் மனைவி சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. நம் தலையணை, நம் கழிவறை, நம் காபி டபரா என்று இருந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஊர் சுற்றலாம்.

முதலில் வண்டி. இருவருக்கு 24, 25 அடி போதும். அதற்கு மேல் போனால் நண்பர்கள் குடியிருக்கும் தெருக்களில் திருப்புவதே பாடாகிவிடும். நேரே வாங்கிவிடாதீர்கள். ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து மிஷிகனிலேயே ஓட்டிப் பாருங்கள், உங்கள் இருவருக்கும் அந்த இடம் போதுமா என்று அதிலேயே தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்குவதானால் மைலைப் பார்ப்பதற்கு முன் டயரைப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் அது பிறந்த தேதி. 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். ஆர்வி அதிகம் ஓடாமல் நின்றே இருக்கும், அதனால் பட்டன் தேயாமலே ரப்பர் கெட்டுப்போகும். பார்க்கப் புதிது போல இருக்கும், அதை நம்பக் கூடாது. ஆறேழு வருடம் ஆகியிருந்தால் ஆறு டயரையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

எரிபொருள் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். கிளாஸ் சி காலனுக்கு 8, 9 மைல்தான் கொடுக்கும். நீங்கள் சொன்ன ஊர்களைச் சுற்றி வந்தால், அக்கம்பக்கம் போவதையும் சேர்த்து 6,500 மைல் வரும். 800 காலன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டிரைவ்வே. இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். நம் ஆட்கள் பெரும்பாலும் எச்ஓஏ (வீட்டுக்காரர்கள் சங்கம்) இருக்கிற சப்டிவிஷன்களில்தான் வீடு வாங்கியிருப்பார்கள். பல எச்ஓஏக்களில் ஆர்வி வாசலில் நிற்க 24 மணி நேரமோ 48 மணி நேரமோதான் அனுமதி, சில இடங்களில் அதுவும் கிடையாது. நாம் கிளம்பிப் போன பிறகு அபராதக் கடிதம் நண்பருக்கு வரும். நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள். எனவே அவர்களிடம், “உங்கள் எச்ஓஏவில் என்ன விதி?” என்று முதல் ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள். “அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வாங்க” என்றால் அது பதில் ஆகாது. கொஞ்சம் பிடிவாதமாகவே கேளுங்கள்.

அப்படி நிறுத்த முடிந்தாலும் மின்சாரத்தில் கவனம் வேண்டும். ஆர்விக்கு 30 ஆம்ப் லைன் வேண்டும், அதாவது 3,600 வாட். வீட்டு கராஜ் பிளக் 15 ஆம்ப், 1,800 வாட். அடாப்டர் போட்டுச் செருகினால் விளக்கு, விசிறி, பேட்டரி சார்ஜ் எல்லாம் நடக்கும். ஏசி மட்டுமே 1,500 வாட் வரை இழுக்கும், ஆகவே ஏசியும் மைக்ரோவேவும் சேர்த்து ஓடாது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீளமாக இழுத்து ஏசி போட்டால் ஒயர் சூடாகும், வோல்டேஜ் இறங்கி கம்ப்ரஸர் பாழாகும். தடித்த 10 கேஜ் ஒயராக, முடிந்தவரை குட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது நம் வீடுகளுக்கே உரியது. கராஜில் எல்லோரும் இரண்டாவது ஃபிரிட்ஜ் வைத்திருப்பார்கள். ஊரிலிருந்து வந்த வடாம், உறைய வைத்த தேங்காய்த் துருவல், பரோட்டா பாக்கெட் எல்லாம் அதில்தான். அதே லைனில் உங்கள் வண்டியைச் செருகி, நடுராத்திரியில் ஜிஎஃப்ஐ (ஷாக் அடிக்காமல் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டக்கென்று விழுந்தால் அந்த ஃபிரிட்ஜும் சேர்ந்து நிற்கும். காலை பத்து மணிக்குத்தான் யாராவது பார்ப்பார்கள். நாங்கள் போனதும் முதலில் கேட்பது, “ஃபிரிட்ஜ் எந்தப் பிளக்கில்?” என்பதுதான். அதைத் தவிர்த்து வேறு லைனில் போடுவோம், படுக்கப் போகும் முன் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நாங்கள் கண்டுகொண்ட வழி வேறு. நண்பர் வீட்டிலிருந்து அரை மணி, முக்கால் மணி தூரத்தில் ஒரு ஸ்டேட் பார்க்கிலோ ஏரிக்கரை கேம்ப்கிரவுண்டிலோ வண்டியை நிறுத்திவிட்டு, அவர்களை நம்மிடம் வரச் சொல்வது. இதைத்தான் உங்களுக்கும் சொல்வேன்.

ஏன் என்றால், நாம் அவர்கள் வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு அம்மா அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. மூன்று நாளும் அவர்களுடைய முதுகைத்தான் பார்ப்போம். ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே அபாச்சி ஜங்ஷனில் லாஸ்ட் டச்மேன் ஸ்டேட் பார்க் இருக்கிறது, சூப்பர்ஸ்டிஷன் மலைக்கு நேர் கீழே. அங்கே நிறுத்தி, சாண்ட்லரில் இருக்கும் ஒரு நண்பர் குடும்பத்தைக் காலை டிபனுக்கு வரச் சொன்னோம். அந்த அம்மா காரை விட்டு இறங்கியதும் பழக்கத்தில் நேரே என் சமையல் மேடைக்கு வந்துவிட்டார். அங்கே இரண்டு பேர் நிற்க இடம் கிடையாது. வேறு வழியில்லாமல் வெளியே வண்டியின் ஆனிங் (விரிக்கிற பந்தல்) நிழலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் வழியாக இட்லித் தட்டை நீட்ட, அவர் வாங்கிக்கொண்டு தன் வேலூர்ப் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எத்தனையோ வருடப் பழக்கம், அவர் ஓட்டப்பந்தயத்தில் மாவட்ட அளவில் ஓடியவர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சாயங்காலம் மலை சிவக்கிற வரை அவர் எழுந்திருக்கவே இல்லை.

உங்கள் பட்டியலுக்கே சொல்கிறேன். ஃப்ரீமாண்ட் நண்பருக்கு லிவர்மோர் பக்கம் டெல் வாலே ஏரி இருக்கிறது. லிவர்மோர் சிவா விஷ்ணு கோவிலுக்கும் அங்கிருந்து சுலபமாகப் போகலாம். டாலஸுக்கு லூயிஸ்வில் ஏரியில் ஹிக்கரி க்ரீக், நாஷ்வில்லுக்கு பெர்சி ப்ரீஸ்ட் ஏரியில் செவன் பாயிண்ட்ஸ். இந்த இரண்டும் ராணுவப் பொறியாளர் படை நடத்துபவை. அங்கே உங்கள் வயதுக்கு ஒரு சலுகை இருக்கிறது. 62 வயது நிரம்பிய குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் 80 டாலர் கட்டினால் ஆயுள் முழுவதற்கும் சீனியர் பாஸ் கிடைக்கும். தேசியப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, இந்தப் படையின் கேம்ப்கிரவுண்டுகளில் வாடகை பாதி. ஸ்டேட் பார்க்குகளில் இது செல்லாது. செவன் பாயிண்ட்ஸ் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், நவம்பரில் போவதானால் வேறு இடம் பாருங்கள். ஹூஸ்டன் வந்தால் பிராசோஸ் பெண்ட் ஸ்டேட் பார்க். ஏரிக்கரையில் நடக்கும்போது முதலைகள் வெயில் காய்வதைப் பார்க்கலாம், நண்பர்களின் பேரக் குழந்தைகள் கிளம்ப மாட்டேன் என்பார்கள்.

மலைக்கு வருகிறேன். சிகாகோவிலிருந்து ஐ-80 நெடுஞ்சாலையைப் பிடித்தால் அயோவா, நெப்ராஸ்கா எல்லாம் நேர்கோடு. வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே எல்க் மவுண்டன் பக்கம் காற்றுதான் பிரச்சினை. பக்கவாட்டில் அடிக்கும், வண்டி ஒரு லேன் தள்ளிப் போகும். காற்று அதிகமானால் உயரமான, கனம் குறைந்த வண்டிகளுக்குச் சாலையை மூடுவார்கள். சாலை நிலவரம் சொல்லும் வயோமிங் 511 பார்த்துவிட்டு அதிகாலையில் அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள். காற்று எச்சரிக்கை இருந்தால் லாரமியிலேயே ஒரு நாள் தங்குங்கள்.

அடுத்தது அதே சாலையில் கலிபோர்னியாவுக்குள் வரும் டானர் சம்மிட் என்ற மலை உச்சி, 7,000 அடிக்கு மேல். ஏறுவதில் கஷ்டம் இல்லை, லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஏறலாம். இறங்கும்போதுதான் கவனம். கியர் லிவரில் டோ ஹால் பட்டன் இருக்கும், உச்சியிலேயே அழுத்திவிடுங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கக் கூடாது. விட்டு விட்டு, அழுத்தி மிதித்து எடுக்க வேண்டும். அக்டோபர் நடுவுக்குள் அந்த மலையைத் தாண்டிவிட்டால் பனிக்குப் பயப்பட வேண்டாம். வயதெல்லாம் இதற்குத் தடை இல்லை சார், அவசரம்தான் தடை. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் வேண்டாம், மாலை 3 மணிக்குள் வண்டி நின்றிருக்க வேண்டும்.

பாலைவனத்தான் எழுதியது:

நான் ஃபீனிக்ஸ் பக்கம். எனக்கு ஆர்வி கிடையாது, விருந்தாளிகளை வரவேற்கும் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

சாலையோரம் அம்மா சொல்வது முக்கால்வாசிப் பேருக்குச் சரி. ஆனால் காரில் ஏறி வர முடியாத நிலையில் இருப்பவர்களும் நண்பர்களில் உண்டு. என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த சமயம், ஹைதராபாத்தில் எங்களோடு வேலை பார்த்த தம்பதி ஆர்வியில் வந்து எங்கள் டிரைவ்வேயில் நிறுத்தினார்கள். வீட்டில் வந்து தங்கியிருந்தால் இவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டாவது காபி போட எழுந்திருப்பாள். அவர்கள் வெளியே இருந்ததால் அந்தப் பேச்சே எழவில்லை. காலையில் அந்த அம்மா தூக்குச் சட்டியில் பொங்கலும் கொத்சும் வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வருவார், இவளுக்கு உடற்பயிற்சி செய்யத் துணை இருப்பார், மதியம் வண்டிக்குப் போய்ப் படுத்துவிடுவார். இவளும் தூங்குவாள். இவளுக்கு வலி அதிகம் இருந்த நாட்களில் அவர்கள் வாசலில் நிற்கிறார்கள் என்பதே எங்களுக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

எச்ஓஏவுக்கு முன்கூட்டியே ஈமெயில் போட்டேன். வண்டி நீளம், நம்பர், வரும் தேதி, போகும் தேதி எல்லாம் எழுதி, உடல்நிலைக் காரணத்தையும் சொன்னேன். விருந்தினர் அனுமதி என்று ஒரு தாள் கொடுத்தார்கள், அதை வண்டிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தோம். எல்லா இடத்திலும் கொடுப்பார்களா என்பது அந்தந்த எச்ஓஏவைப் பொறுத்தது, ஆனால் கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள்.

ஆகவே சார், பட்டியலில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வயதான அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அவர்கள் வீட்டில் மட்டும் வாசலில் நிறுத்துங்கள். மற்றவர்களை ஏரிக்கரைக்கு வரச் சொல்லுங்கள்.

மிஷிகன்_வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. டாலஸ் நண்பரின் அம்மாவுக்கு 91 வயது, அவரை விட்டு நகர முடியாது என்று சென்ற வாரம்தான் சொன்னார். அங்கே டிரைவ்வேதான், இன்றைக்கே எச்ஓஏ பற்றிக் கேட்கிறேன். நவராத்திரிக்கு ஃப்ரீமாண்டில் இருக்கும்படி கணக்குப் போடுகிறோம், அங்கே பெரிய கொலு வைப்பார்கள்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறாள். அந்தச் சின்ன அடுப்பில் நம் சமையல் சரிப்படுமா? டேங்க் காலி செய்வதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறதே, அது எப்படி? வழியில் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தால், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வெளி மாநிலத்தில் செல்லுமா?

சாலையோரம் எழுதியது:

பாலைவனத்தான் சார் எழுதியதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். உடம்பு முடியாதவர்கள் வீடு என்றால் வாசலில்தான் நிறுத்த வேண்டும்.

மெடிகேர் முதலில். அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேர் என்றால் அதை ஏற்கும் டாக்டரிடம் நாட்டில் எங்கேயும் போகலாம். தனியார் கம்பெனி வழியாக வரும் அட்வாண்டேஜ் பிளான் வைத்திருந்தால் அவசர சிகிச்சை எங்கேயும் உண்டு, மற்றதற்கு அவர்களுடைய நெட்வொர்க்கைத்தான் பார்க்க வேண்டும். கார்டின் பின்பக்க நம்பரில் கூப்பிட்டு, “மூன்று மாதம் வெளியூரில் இருப்பேன்” என்று சொல்லிக் கேளுங்கள். மாத்திரைகளை 90 நாளுக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

சமையல் தாராளமாகச் சரிப்படும் அம்மா. மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, வாணலி ஒன்று, தோசைக்கல் ஒன்று போதும். தாளிக்கும் முன் கூரை விசிறியைப் போட்டு ஒரு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், கடுகும் மிளகாயும் வெடித்தால் புகை அலாரம் அலறும். வயோமிங் மாதிரி உயரமான ஊரில் பருப்பு வேக இரண்டு விசில் கூடுதலாகவே வேண்டும். மிக்சியைக் கரண்ட் செருகியிருக்கும்போதோ ஜெனரேட்டர் ஓடும்போதோ போடுங்கள். இட்லி மாவை மட்டும் நான் வண்டியில் அரைப்பதில்லை. எந்த நண்பர் வீட்டில் கிரைண்டர் இருக்கிறதோ அங்கே அரைத்து, மூடி இறுகும் டப்பாவில் பாதிதான் நிரப்புவேன். ஓடும்போது டப்பாவை சிங்க்குக்குள் வைத்து, சுற்றிலும் துண்டு திணித்துவிடுவேன். பொங்கி வழிந்தாலும் சிங்க்கோடு போகும். வண்டி குலுங்கக் குலுங்க மாவு நன்றாகவே புளிக்கும்.

தட்டு கழுவும் முன் எண்ணெயும் சாம்பார் மிச்சமும் பேப்பரால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். நெய்யும் பருப்பும் கிரே டேங்கில் (சிங்க், குளியல் தண்ணீர் சேரும் தொட்டி) இறங்கினால் உள்ளே ஒட்டிக்கொள்ளும், அளவு காட்டும் சென்சார் பொய் சொல்ல ஆரம்பிக்கும், நாற்றமும் வரும்.

டேங்க் வேலை நினைப்பதைவிடச் சுலபம். கையுறை போட்டு, ஹோஸை வண்டியிலும் தரையிலுள்ள குழியிலும் திருகி மாட்டி, முதலில் கழிவறைக் கழிவு சேரும் பிளாக் டேங்க் வால்வைத் திறக்க வேண்டும். அது வடிந்ததும் மூடிவிட்டு கிரே டேங்கைத் திறந்தால், அந்தச் சோப்புத் தண்ணீரே ஹோஸை அலசிவிடும். பிளாக் டேங்க் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள், டேங்க் நிறைந்து வரும்போது மட்டும் திறங்கள். கரண்ட், தண்ணீர், கழிவு மூன்றும் இருக்கிற இடத்தில் நின்றாலும் அப்படித்தான். திறந்தே விட்டால் தண்ணீர் ஓடிவிடும், திடமானது தங்கிவிடும். குடிதண்ணீருக்கு வெள்ளை ஹோஸ் தனி, அதை இந்த வேலைப் பக்கமே கொண்டுவராதீர்கள். நண்பர் வீட்டில் எதையும் கொட்ட வேண்டாம். ஹைவே பெட்ரோல் பங்குகள் சிலவற்றில் கழிவு கொட்டும் டம்ப் ஸ்டேஷன் உண்டு, ஃப்ளையிங் ஜே கடைகளில் நிறைய இருக்கிறது.

அம்மாவுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கே போனாலும், “கறிவேப்பிலைச் செடி எடுத்துக்கொண்டு போங்கள்” என்று ஒரு தொட்டியைக் கையில் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் ஒரு குட்டிப் பூச்சிக்கு அதன் தளிர் என்றால் உயிர். அதற்காகவே டெக்சஸ், ஃபுளோரிடா, கலிபோர்னியாவில் குவாரண்டைன் விதிகள் இருக்கின்றன, செடியையோ பச்சை இலையையோ இஷ்டத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஐ-80 வழியே கலிபோர்னியாவுக்குள் நுழைந்ததும் ட்ரக்கியில் விவசாயச் சோதனைச் சாவடி வரும். பழம், செடி எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். நான் வறுத்துப் பொடித்த கறிவேப்பிலைப் பொடிதான் எடுத்துப் போவது, ரசத்துக்கும் மோருக்கும் அது போதும்.

சார், திரும்பும்போது ஒரு முக்கியமான வேலை. டிசம்பரில் மிஷிகனுக்குள் தண்ணீரோடு போனால் குழாய்கள் உறைந்து வெடிக்கும். நாஷ்வில்லை விட்டுக் கிளம்பும் முன் எல்லா டேங்கையும், வாட்டர் ஹீட்டரையும் வடித்துவிட்டு, குழாய்களில் ஆர்விக்கான இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை ஏற்றிவிடுங்கள். காருக்குப் போடுவது வேறு, அது விஷம், அதைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகு வீடு வரை கேன் தண்ணீர்தான், ராத்திரி மோட்டலில் தங்கிவிடலாம்.

ஹூஸ்டன் தேதி முடிவானதும் இங்கேயே போடுங்கள். பிராசோஸ் பெண்டில் வெள்ளி, சனி சீக்கிரம் நிறைந்துவிடும், வார நடுவில் வருவதுபோலப் பாருங்கள். பியர்லாண்ட் மீனாட்சி கோவிலுக்கு அங்கிருந்து என் காரிலேயே போய் வரலாம். கிரைண்டரும் எங்கள் வீட்டில் இருக்கிறது.